நினைப்பு டிரைவரின் வலது கை

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்குக் கேமரன் மலைக் குளிர் காரணமில்லை, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலையும் காரணமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிய, நாங்கள் 'நினைப்பு டிரைவர்' என்று கூப்பிட்ட ஒருவர்தான் காரணம். மனிதனால் நினைக்க மட்டும்தான் முடியும், கையையும் காலையும் அசைப்பது கடவுள் என்பது அவர் கட்சி.

அதைக் கோயிலோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன? ஒருநாள் லோரியைப் பின்னால் எடுத்து, தோட்ட மேனேஜர் துரையின் புதுக் காரை நசுக்கிவிட்டார். அறிக்கை எழுத வேண்டியவன் நான்.

"பிரேக் ஏன்யா மிதிக்கல?"

"மிதிக்கணும்னு நெனச்சேன் கிராணி. என் வேலை அதோட முடிஞ்சிருச்சு லா. காலை அமுக்குறது அவரு வேலை."

'காரணம்' என்ற கட்டத்தில் கடவுள் என்றா எழுதுவது? 'ரோடு ஈரம்' என்று எழுதினேன். அன்று நல்ல வெயில்.

பொறுக்க மாட்டாமல் ஒருமுறை அவர் காலை என் பூட்ஸால் நச்சென்று மிதித்தேன். ஐயோ என்று துள்ளினார்.

"இப்ப வலி குடுத்தது யாரு? நானா, அவரா?"

"நீங்க வெறும் சாக்கு கிராணி. நீங்க மிதிக்கிற நேரம் பாத்து வலியைக் குடுத்தது அவருதான்."

ரிங்லெட் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது லோரியின் பின்தட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். தேயிலைச் செடிகளுக்குள் திருப்பி, யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தினார். அவர்கள் போட்ட மாலையைக் கழற்றி, "திருப்புனவருக்குப் போடுங்க" என்று முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். பழியும் வேண்டாம், புகழும் வேண்டாம் என்கிற ஆளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

போன வருடம் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் அசைத்துப் பழகாவிட்டால் கை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையைத் தூக்குய்யா!"

"காலையிலேருந்து நெனச்சிட்டேதான் இருக்கேன். அவரு தூக்க மாட்டேங்குறாரு." குரல் உடைந்தது. "என்மேல கோவமோ என்னமோ."

என் கோபம் இப்போது மேலே இருப்பவர் மீது திரும்பியது. மாலையை மட்டும் வாங்கிக்கொண்டவருக்கு ஒரு கையைத் தூக்க வலிக்கிறதா? அந்தக் கையைப் பிடித்து, தேநீர் கிளாஸை அதில் வைத்து அழுத்தி, வாய்வரை நானே தூக்கினேன். குடித்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா, தூக்கிட்டாரு!"

"தூக்குனது நான்யா!"

"நீங்க சாக்கு கிராணி."

அந்தச் சாக்கு இப்போது தினமும் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், திட்டிக்கொண்டே கையைத் தூக்கி இறக்குகிறது. நேற்று என் பிடிக்குள் அவர் சுண்டுவிரல் தானாக அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் அசைத்தது என்று நான் கேட்கவில்லை.