சுண்ணாம்புக் கோட்டு ஏட்டையா

இதிகாசத்தைக் கதையாகக் கேட்டவர்கள் உண்டு, பக்தியோடு படித்தவர்கள் உண்டு, டி.வி.யில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதை அரசாணையாக எடுத்துக்கொண்டு அமல்படுத்திய ஒரே மனிதர், நான் அறிந்தவரையில், எங்கள் கோட்டு ஏட்டையாதான்.

தென்காசியில் நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஹெட் கான்ஸ்டபிள். ஆறடி உயரம், அதில் ஓர் அடி மீசை. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து. காலையில் போனதும் முதல் வேலையாகச் சுண்ணாம்புப் பொடியை எடுத்து, தண்ணீர் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீளமாக ஒரு கோடு போடுவார். சாரல் அதைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடும். மறுபடி போடுவார். சாரலும் அசராது, ஏட்டையாவும் அசரமாட்டார். தண்ணீர் வரத்து கூடினால் அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் போகக்கூடாது.

ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்ட சென்னைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். “தண்ணியே கம்மியா இருக்கு, எதுக்கு சார் கோடெல்லாம்?”

“தம்பி, முன்னால ஒரு அம்மா இப்படித்தான் ஒரு கோட்டைத் தாண்டுனாங்க. அதுக்கப்புறம் கடல்ல பாலம் கட்ட வேண்டியதாப் போச்சு. இங்கனயும் குரங்கு நெறையக் கெடக்கு. ஆனா அது பாலம் கட்டாது. உங்க பையைத்தான் பிடுங்கிட்டு ஓடும்.”

சென்னைக்காரர் திரும்பிப் பார்த்தார். பை ஏற்கெனவே மரத்தின் மேல் இருந்தது.

இதிகாச நாயகர்களின் பெயரை ஏட்டையா வாயால் சொல்லமாட்டார். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? மூத்தவர் ‘பெரிய ஐயா’. வில்லோடு கூடவே போன தம்பி ‘சின்ன ஐயா’. ஊரில் இருந்து ஆட்சியைப் பார்த்துக்கொண்ட தம்பி ‘பொறுப்பு ஐயா’. கேட்பவர்களுக்கு ஏதோ போலீஸ் ஸ்டேஷன் விவகாரம் போலவே இருக்கும்.

அந்தப் பொறுப்பு ஐயாவால்தான் ஒருமுறை வினை வந்தது. சாப்பிடப் போகும்போது ஏட்டையா தன் பூட்ஸைக் கழற்றி, அருவிக்கரைக் கூடாரத்தில் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, நனைந்த ரோட்டில் வெறுங்காலோடு நடந்து போனார். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். உட்காரப் போனவர் துள்ளி எழுந்தார்.

“யாரும்மா பூட்ஸை நாற்காலியில வச்சது?”

அங்கிருந்த பெண் காவலர் விறைப்பாக நின்று சொன்னார்: “ஏட்டையா சாப்பிடப் போயிருக்காங்கய்யா. அவங்க வர்ற வரைக்கும் பூட்ஸ்தான்யா பொறுப்பு.”

மெமோ வந்தது. ‘இதற்கு முன்னுதாரணம் உண்டு, பதினான்கு ஆண்டுகள் ஒரு நாடே இப்படி நடந்திருக்கிறது, புகார் எதுவும் இல்லை’ என்று ஏட்டையா எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார் என்று கேள்வி.

வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லுபடியாகாது. அவர் மனைவி செல்லம்மா மதினி திருவேங்கடத்துக் கரிசல் காட்டில் பிறந்தவர். “சின்ன ஐயா பதினாலு வருசம் கண்ண மூடாம காவல் காத்தாராம். இங்க ஒருத்தர் சோத்துல கைய வச்சதுமே பாயைத் தேடுதாரு” என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக என்னிடம் முறையிடுவார். கரிசல் காட்டுக்காரர்களுக்கு ஓடுகிற தண்ணீரே திருவிழா. மதினிக்கோ அருவி கூப்பிடு தூரத்தில் இருந்தும் எட்டவில்லை. “ட்யூட்டியில நிக்கையில குடும்பம் அந்தப் பக்கம் வரக்கூடாது. கவனம் செதறும்” என்பது ஏட்டையாவின் உத்தரவு.

ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, தெருப் பெண்கள் நாலு பேரோடு மதினி அவருக்குத் தெரியாமல் வந்துவிட்டார். பெண்கள் பக்கம் மதினி நின்றார். ஆண்கள் பக்கம் நான், தலை நிறைய எண்ணெயும் முகம் நிறைய சோப்பும். கீழே நல்ல வெயில். மலைக்கு மேலே மழை பெய்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

தண்ணீரின் நிறம் மாறுவதை ஏட்டையா பார்த்துவிட்டார். விசில் ஊதினார். எல்லாரும் அடித்துப் பிடித்துக் கரைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஏட்டையா நாள் முழுக்க ஊதிக்கொண்டிருப்பவர்தானே, யாரோ பாறையில் ஏறியிருப்பார்கள் என்று நிதானமாகக் காதுக்குச் சோப்புப் போட்டேன். திடீரென்று ஆயிரம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் செந்தண்ணீர் தலையில் விழுந்தது. கால் வழுக்கியது. பிடித்த கம்பியும் கையை விட்டுப் போனது.

அதே நேரத்தில் பெண்கள் பக்கப் படியில் மதினி வழுக்கி விழுந்து, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஏட்டையா இரண்டையும் பார்த்திருக்கிறார். மதினி அவரைப் பார்த்திருக்கிறார். தன்னைப் பார்த்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை நோக்கி ஓடியதையும் பார்த்திருக்கிறார்.

என் கையைப் பிடித்து, ஓர் உலுக்கில் கரையில் போட்டார். “கெடலே இங்கன!” என்று கத்திவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். அதற்குள் கேரளத்திலிருந்து குளிக்க வந்திருந்த இரண்டு பெண்கள், “சேச்சி, பிடிச்சோ!” என்று மதினியை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். மூச்சிரைக்க வந்து நின்ற கணவரை மதினி ஏற இறங்கப் பார்த்தார்.

“வந்துட்டியளா? ட்யூட்டி முடிஞ்சிட்டா?”

அதற்குப் பிறகு அவரோடு பேச்சு இல்லை. தட்டு வரும், சோறு வரும், சத்தம் மட்டும் வராது. எதுவும் சொல்லவேண்டுமென்றால் சுவர் வழியாக எனக்குத்தான் தாக்கீது. “தம்பி, உங்க அண்ணாச்சிகிட்ட வெந்நி சுட்டாச்சுன்னு சொல்லுங்க.” கூடவே எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும். “ஏன் தம்பி, உங்களுக்குக் காது கேக்காதா? விசில்னா ஓடணும்னு தெரியாதா?” உயிரோடு இருப்பதற்காக நான் வெட்கப்பட்டது அந்த வாரத்தில்தான்.

வாரக் கடைசியில் ஏட்டையா என் வீட்டுக்கு வந்தார். மீசை தொங்கியிருந்தது.

“தம்பி, கடைசியில பெரிய ஐயா ஊர்ப் பேச்சைக் கேட்டு வீட்டம்மாவக் காட்டுக்கு அனுப்புனாருல்லா? அந்த எடம் வந்தா நான் வெரசா பக்கத்தத் திருப்பிருவேன். நேத்துதான் நிதானமாப் படிச்சேன்.”

“என்ன தோணுச்சு அண்ணாச்சி?”

“அவருக்கு ஒரு மெமோ குடுக்கணும்னு தோணுச்சு.”

நான் சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, நீங்க வரலைன்னா நான் இன்னைக்கு இல்லை.”

“தெரியும்லே. அவ கம்பியப் பிடிச்சிருந்தா, ஒனக்குப் பிடிக்க ஒண்ணுமில்ல. நாளைக்கே அப்படி நடந்தாலும் ஒன்னையத்தான் தூக்குவேன். அதான் எனக்குத் தொந்தரவே. இத அவகிட்ட எப்படிச் சொல்ல?”

கேட்டுவிட்டு அவரே எழுந்து வீட்டுக்குப் போனார். பொய் சொல்லிச் சமாதானம் செய்திருக்கலாம். அது அவருக்கு வராது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது.

“செல்லம்மா, நான் செஞ்சது ட்யூட்டிக்குச் சரி. ஒனக்குச் சரியில்ல. ரெண்டும் எனக்குத் தெரியுது. பெரிய ஐயாவுக்கும் சேத்து மன்னிச்சிரு.”

மதினி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவரு விசயத்த அவரு வீட்டம்மா பாத்துக்கிடுவாங்க. நீங்க ஒங்களுக்கு மட்டும் கேளுங்க.”

“எனக்கு மட்டும் மன்னிச்சிரு.”

“அந்தக் கேரளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நன்றியாவது சொன்னியளா?”

“சல்யூட் அடிச்சேன்.”

“பயந்திருப்பாளுவ” என்றார் மதினி. பிறகு சிரிப்பை மறைக்கக் கீரையோடு உள்ளே போய்விட்டார். மறுநாள் சுவர் வழியாக எனக்குத் தாக்கீது எதுவும் வரவில்லை.

ஏட்டையா ஓய்வு பெற்று இப்போது சுந்தரபாண்டியபுரத்தில் தோட்டம் பார்க்கிறார். அவரைப் பற்றி எழுதலாமா என்று போனமாதம் போனில் கேட்டேன். போனை மதினி வாங்கிக்கொண்டார். “எழுதுங்க தம்பி. ஆனா ரொம்ப நல்லவருன்னு எழுதிராதிய. அப்படியே நம்பிருவாரு, அப்புறம் நான் வீட்டுல இருக்க முடியாது.”

மதினி சொல்லைத் தட்ட முடியுமா? குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.