அச்சு சாய்ந்ததற்கு அழகுபாண்டி சொன்ன காரணம்

பூமிக்காகக் கவலைப்படுவதற்கென்றே ஓர் இனம் நம் தெருக்களில் பெருகிவிட்டது. நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. கோச்சடையில் அந்த இனத்துக்கு நல்ல உதாரணம் அழகுபாண்டி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காந்த வடதுருவம் சைபீரியா பக்கம் நகர்வதும், பூமி சுற்றும் வேகம் இம்மியளவு கூடுவதும் குறைவதும், மனிதன் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிச் சுழலும் அச்சே எண்பது சென்டிமீட்டர் விலகிப்போனதும் அவருக்கு விடிந்ததும் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததைக் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டு, யார் யார் படித்தார்கள் என்று பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது? அதெல்லாம் சின்ன விஷயம்.

சித்திரையில் அவர் தொள்ளாயிரம் அடிக்குப் புதுப் போர்வெல் போட்டார். வைகாசியில் பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணுவின் இருநூறு அடிப் போரில் வெறும் காற்று வந்தது. இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். குடத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ரெண்டு நாளா அரிசி ஊறப்போடல. பத்துக் குடம் பிடிச்சுக்கிறட்டுமா?"

"இம்புட்டுத் தண்ணிய ஆளாளுக்கு எடுத்தா பூமி என்னத்துக்கும்மா ஆகும்? அச்சே சாயுது." செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வா, வெளக்கமாச் சொல்றேன்."

சொன்னார். நாற்பது நிமிடம் சொன்னார். அவரவர் போரிலிருந்து வீட்டுக்கு நாளொன்றுக்கு இருபது குடம்தான் என்று தீர்மானமும் கொண்டுவந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் தங்கப்பொண்ணு எழுந்தாள்.

"ஒரு சந்தேகம்ண்ணே. எங்க இருநூறு அடியில சாயிற பூமி, ஒங்க தொள்ளாயிரம் அடியில சாயாதா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அழகுபாண்டிக்குக் காது சுட்டது. காலையில் அரைமணி நேரம் குழாயைப் பிடித்துக் கார் கழுவியது ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைவுக்கு வந்தது. சமாளித்துக்கொண்டார்.

"அது சொந்த உபயோகத்துக்கும்மா. ஒன்னோடது வியாபாரம்."

தீர்மானம் நிறைவேறியது. இந்த ஜனங்களுக்கு விஞ்ஞானம் புரியவில்லையே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு உண்மையாகவே மனம் வலித்தது.

லாரித் தண்ணீர் தங்கப்பொண்ணுவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனியில் கிரைண்டரை விற்றுவிட்டுச் சிம்மக்கல்லில் ஒரு மளிகை மொத்தக்கடையில் பருப்புப் புடைக்கப் போனாள். ஒருநாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகையில் அழகுபாண்டி கேட்டிலிருந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏம்மா மாவை நிறுத்திட்ட? பாக்கெட் மாவு புளிக்குதும்மா."

பஸ் வந்துவிட்டது.

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போதே எதிர்வீட்டுக்காரர் முகம்தானே உங்களுக்குத் தோன்றியது? அவரும் இதைப் படித்துவிட்டார். யார் முகம் தோன்றியது என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.