பங்குக்கு அர்த்தம் தேடியதும் மைக் ஆனில் இருந்ததும்

ஜெபமாலை சொல்லும்போது இந்த வாரம் மட்டும் என் பெயரை இரண்டு முறை சேர்த்துக்கொள்ள வேண்டிய சிஸ்டர் அத்தைக்கு, மருமகள் வெற்றிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அம்மா, அப்பா, தம்பி, இரண்டு ஆடுகள் எல்லாரும் நலம். நான் ஞாயிற்றுக்கிழமை வரை நலம். எல்லாரும் தூங்கிய பிறகு அம்மாவின் செல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்கு என்ற சொல்லின் பொருளும் தோற்றமும் பற்றிக் கட்டுரை எழுதி, ஞாயிறு பூசையில் படிக்கச் சொன்னார் பங்குச்சாமியார். பங்கு என்றால் நம் கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சாமியார் ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார். நாம் பங்கு என்று சொல்வதற்குக் கிரேக்கத்தில் பரோய்க்கியா என்று பெயராம். வேற்றூரிலிருந்து வந்து, உரிமை எதுவும் இல்லாமல், அடுத்த வீட்டில் அண்டிக் குடியிருப்பது என்று அர்த்தமாம். முதல் கிறிஸ்தவர்கள் தங்களையே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்களாம்.

படித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் அனிதா ஞாபகம் வந்தது. அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்ட செட்டிகுளம் பக்கமிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் நவநாளில் ஒருநாள் பூசையையும் செலவையும் எடுத்துச் செய்கிறோம் என்று அவள் வீட்டில் கேட்டார்கள். "வெளியூர்க்காரங்களுக்கு நாள் கெடையாது" என்று பங்குப் பேரவையில் சொன்னது உங்கள் தம்பி பிச்சைமுத்து, அதாவது என் அப்பாதான் அத்தை. செட்டிகுளம் அடுத்த மாவட்டம். அப்பா பிறந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். அன்றிலிருந்து அனிதா எங்கள் பெஞ்சில் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்காருகிறாள்.

அந்தக் கோபத்தில் கட்டுரையைக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், நேற்று சாயங்காலம் யாரும் இல்லாத கோயிலில் நின்று படித்துப் பழகினேன், மைக் ஆஃப் என்று நினைத்தேன், அது ஆன், கோபுரத்துக் குழாயில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கு, அதுவும் "இந்தப் பங்குல இருக்குற நாம எல்லாருமே வெளியூர்க்காரங்கதான்"னு சொன்ன இடத்துல கரண்டு போயிடுச்சு, அடுத்த வரி எவ்வளவு அன்பா எழுதியிருந்தேன் தெரியுமா, அது ஒருத்தர் காதுலயும் விழல. நான் இருட்டுல பின்வாசல் வழியா வெளியே வர்றதுக்குள்ள முன்வாசல்ல ஊரே கூடிருச்சு. அப்பா வந்து, "ஏதோ ரேடியோ நாடகம்பா, மைக் செட்டு இழுத்துருக்கு"ன்னாரு. இப்ப எல்லாரும் மைக் செட் இளையபெருமாள் மாமாவைத் திட்டுறாங்க, திருவிழாவுக்கு வேற செட்டு வைக்கணும்னு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்தால் அது யார் குரல் என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் மாமா பிழைப்பு போகும்.

அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். சனிக்கிழமைக்குள் ஃபோன் செய்து, கோபப்படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

மடத்துச் சிஸ்டர்கள் எல்லாருக்கும், நீங்கள் வளர்க்கும் வாத்துகளுக்கும் என் தோத்திரம்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
வெற்றிச்செல்வி

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் வேண்டாம். தண்ணி குடிக்க எழுந்த அப்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார்.

"ஏண்டி, ஒன் கொரலு எனக்குத் தெரியாதா? இளையபெருமாளுக்கும் தெரியும். நான் சொல்லித்தான் அவன் கம்முனு திட்டு வாங்குறான்" என்றார்.

பிறகு கட்டுரையையும் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

"எங்க தாத்தா சிறுவாச்சூர்ப் பக்கத்துலேர்ந்து பொழைக்க வந்தப்ப, இதே கோயில் வராண்டாவுலதான் மூணு மாசம் கெடந்தாரு. அத ஏன் எழுதல?"

எழுதிக்கொண்டிருக்கிறேன். நவநாளில் ஐந்தாம் நாள் நம் வீட்டு நாள் அல்லவா, அதை அனிதா வீட்டாரோடு சேர்ந்து செய்யப் போகிறோம். இது அப்பாவே எடுத்த முடிவு, அக்காவுக்குப் பயந்து இல்லை என்று எழுதச் சொன்னார்.

ஆனாலும் ஒரு ஃபோன் செய்யுங்கள் அத்தை. செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.