ஆளில்லாத சமையலறை

ஒப்பந்த அபிமானி என்றொரு மனித இனம் உண்டு. ஜெர்மனியில் எந்தத் தமிழ்ச் சங்கத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஒருவரைக் காண்பீர்கள். கனடா போன்ற நாடுகளில் குடியேறிகளின் அரசுகள் பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்: எந்தப் பிரிவு ஏமாற்று, எந்தப் பிரதியில் எந்தச் சொல் மாறியது, யார் எங்கே கையெழுத்து வைத்தார் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். தன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வாசித்தாரா? அதைக் கேட்காதீர்கள்.

ஹனோவர் சங்கத்தில் இந்த இனத்துக்குச் சிறந்த மாதிரி மகேந்திரராஜா. புதன்தோறும் பேசுவார்.

"வாயால சொன்னது பகிர்வம் எண்டு, கடதாசியில எழுதினது ஒப்படைச்சம் எண்டு!"

மேசையில் குத்துவார். குவளை துள்ளும். குரல் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்பு உண்மையானது, அதில் குறை சொல்ல முடியாது.

சங்கத்தில் ஒரு மண்டபம், ஒரு சமையலறை. சமையலறை 1994 முதல் புஸ்பவதி அக்காவும் கூட்டாளிகளும் ஆளும் இடம். சனிக்கிழமைகளில், தனியே வாழும் முதியவர்கள் முப்பத்தொரு பேருக்கு அங்கிருந்துதான் மதியச் சாப்பாடு போகும்.

சனவரியில் மகேந்திரராஜா பூர்வகுடிகளின் இறைமை பற்றிய கண்காட்சிக்காக அங்கே ஒரு மேசை போட இடம் கேட்டார், இரண்டு கிழமைக்கு. பெப்ரவரியில் மேசையோடு ஐந்து காட்சிப் பலகைகள் சேர்ந்தன. மார்ச்சில் ஓர் அலுமாரி வந்தது. ஏப்ரலில் அடுப்பை மறைத்து உலகப்படம் நின்றது; சனிதோறும் அதை நகர்த்திவிட்டுத்தான் சமைத்தார்கள். மே மாதம் அரிசிப் பீப்பாவை நடைபாதைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அச்சுப்பொறி குடியேறியது. அவர் மனதில் கள்ளமில்லை. அவர் வருவது புதன்கிழமை. புதன்கிழமைகளில் அந்தச் சமையலறையில் ஒரு மனிதரையும் அவர் கண்டதில்லை. ஆளில்லாமல் கிடந்த இடம்தானே?

யூன் ஏழாம் திகதி, சனி, காலை 9.40. இரண்டு தாள் ஜெர்மன் உடன்படிக்கையோடு வந்தார்.

"அக்கா, ரெண்டு இறைமையுள்ள தரப்பு பேசுற மாதிரிப் பேசுவம்."

"என்ன எழுதியிருக்கு, தம்பி?"

"சமையலறையைப் பகிர்ந்துகொள்ளுறது எண்டு."

புஸ்பவதி கண்ணாடியை மாட்டினார். முப்பது வருடம் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்தவர், ஒரு ஜெர்மன் கடிதத்தையும் பிறரிடம் வாசிக்கக் கொடுத்ததில்லை.

"இதில நிரந்தரமா விட்டுக்குடுக்கிறம் எண்டெல்லோ கிடக்கு?"

"அது சட்டப் பாசை, அக்கா."

"கனடாவிலயும் அப்பிடித்தான் ஏமாத்தினவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? உங்கட பதினொரு கூட்டம் இருந்து கேட்டனான். வடையும் நான்தான் வீட்டில சுட்டுக் கொண்டுவந்தது."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கூட்டாளி ஸ்வர்ணா தலை நிமிராமல், "அண்ணை நல்லாப் படிப்பிச்சுப் போட்டார்" என்றாள்.

"அது வேறை, இது வேறை!" என்றார் மகேந்திரராஜா. இந்த இனத்தின் இயற்கையான கூவல் அதுதான்.

புஸ்பவதி கடதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்: புதன், நாலு மணி முதல் ஆறு வரை, ஒரு மேசை. மற்றதெல்லாம் இன்றே வெளியே.

"ஆறுதலா யோசியுங்கோ, தம்பி. ஆனா அடுப்பு மறைஞ்சு கிடக்கு. முப்பத்தொரு பேர் பசியோட இருக்கினம்."

மகேந்திரராஜா கையெழுத்துப் போட்டார். உலகப்படத்தைத் தானே தோளில் சுமந்தார். அரிசிப் பீப்பா உருண்டு வீடு திரும்பியது. சாப்பாடு கால் மணி நேரம் மட்டுமே பிந்திப் போனது.

அடுத்த புதன் மேசையில் இன்னும் பலமாகக் குத்தினார். "பூர்வகுடிகள் உறுதியா நிண்டா வெல்லலாம்! இந்தச் சமையலறையிலயே அப்பிடியொரு பேச்சுவார்த்தை நடந்தது. நானும் அதில நேரடியாப் பங்குபற்றினனான்!"

எந்தத் தரப்பில் என்று சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். டுசல்டோர்ஃபுக்குப் படிக்கப் போன மகளின் அறையில் இப்போது உங்கள் மேசை நிற்கிறதே, அவளிடம் கேட்டீர்களா? கேட்டேன் என்கிறீர்கள். நல்லது. மேசையை வைப்பதற்கு முன்பா, வைத்த பிறகா?