அண்ணிக்கு நேர்ந்துவிட்ட மொட்டை

அன்புள்ள பஞ்சவர்ணம் அண்ணிக்கு,

சிங்கப்பூர் புக்கிட் மேராவிலிருந்து ரத்தினம்மா கும்பிட்டு எழுதுவது. அங்கே ஊரில் உங்கள் முட்டிவலியும் அண்ணனுடைய கோபமும் இந்த மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உங்களுக்குக் கேட்கிற மாதிரி நான் பேசினால் எதிர்வீட்டு ஒலி முகம்மது அண்ணன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் தட்டுகிறார். என் பிள்ளை ரித்திக் நன்றாக இருக்கிறான். முதலில் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

தேசிய சேவை என்று பட்டாளத்துக்குப் போனதிலிருந்து பிள்ளைக்கு முதுகுவலி. பகலில் சும்மா இருக்கும், படுத்தால் பிடுங்கும், ஒரு மாத்திரை போட்டால் அந்த ராத்திரிக்குப் போன இடம் தெரியாது. நான் மெத்தையை மாற்றினேன், தேக்கா மார்க்கெட்டில் தைலம் வாங்கித் தேய்த்தேன், லிஃப்டில் எங்களோடு ஏறினவர்கள் எல்லாம் தும்மினார்கள், வலி மட்டும் போகவில்லை. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க ஆரம்பித்தான். சார்ஜன்ட் நேராக நில் என்று கத்த, இவன் நேராகத்தான் நிற்கிறேன் என்று சொல்ல, எதிர்த்துப் பேசினதற்குத் தனித் தண்டனை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில், முதுகெலும்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி என்றார்கள். கட்டி என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது அண்ணி. உங்கள் தம்பி, ரித்திக் அப்பாவுக்கும் சின்னக் கட்டி என்றுதான் சொன்னார்கள். அவர் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை.

டாக்டர் சீனர். அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல நர்ஸ் ஷபானா, நம் கூத்தாநல்லூர்ப் பெண். இது அபூர்வமான கட்டி, ஆனால் புற்று இல்லை, பரவாது, முதுகைக் கிழிக்கவும் வேண்டாம் என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"ஊசி மாதிரி ஒண்ணை உள்ள விட்டு சூடு வைப்பாங்கம்மா, அவ்வளவுதான்."

எனக்கு வந்ததே கோபம். "அப்பன் இல்லாத புள்ளைக்கு சூடு வைக்கிறதுக்கு, அவன் என்ன சீனியைத் திருடித் தின்னானா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் என்னவென்று விசாரிக்க, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீனி என்று ஏதோ சொல்ல, அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, உங்கள் மகனுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, தைரியமாகச் செய்யலாம் என்றார். கட்டியை மட்டும்தான் சூட்டில் கருக்குவார்கள், அவனுக்கு மயக்கத்தில் தெரியாது என்று ஷபானா விளக்கினாள். அவனுக்கு இன்னும் இருபத்தொன்று ஆகாததால் நான் சம்மதிக்க வேண்டும். முடியாது என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மா, அப்பாவுக்கு வந்தது வேற, இது வேற லா. நான் தூங்கணும்மா."

அவர் போனதிலிருந்து இந்தப் பிள்ளை என்னிடம் எதுவுமே கேட்டதில்லை அண்ணி. உட்கார்ந்தேன். சரி என்றேன்.

அவன் உள்ளே இருக்கும்போது கோயிலுக்கு ஓடலாம் என்று பார்த்தேன். துக்க வீடு, வருசம் முடியாமல் கோயில் படி மிதிக்கக்கூடாது. அதனால் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து வைத்தீஸ்வரனை நினைத்து, கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிற உங்களுக்குத் தீட்டு இல்லை என்று உங்கள் பேரில் வேண்டிக்கொண்டேன். அதாவது, உங்களுக்கு ஒரு மொட்டை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நுனியில் கொஞ்சம் கத்தரிக்கிற பூமுடி என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ மணி அடித்தது, பயத்தில் முழு மொட்டை என்று சொல்லிவிட்டேன்.

சாமி கைவிடவில்லை. ஒரு மாதத்துக்குத் துணிமணி, போர்வை, ரசப்பொடி எல்லாம் கட்டிக்கொண்டு போனேன், மறுநாளே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். காயம் பொட்டு அளவுதான், மேலே ஒரு பிளாஸ்திரி. செங்காங்கிலிருந்து டாக்சி பிடித்து வந்த சொந்தங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம் என்று அவர்களுக்காக ரித்திக் கொஞ்சம் முனகினான். இப்போது நேராக நிற்கிறான். அலாரம் அடித்தால்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், நான் திட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே, வெயில் ஏறுமுன் மொட்டையை முடித்துவிடுங்கள். சந்தனம் நிறையப் பூசிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரத்தினம்மா

பின்குறிப்பு: மொட்டை வேண்டாம் அண்ணி. உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நெற்றியில் விழுகிற அந்தச் சுருட்டை முடி உங்க தம்பியோடது. ரித்திக் என் சாடை, அவனுக்கு அது வரலை. இப்ப அது உங்க தலையில மட்டும்தான் இருக்கு. பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கு ரித்திக்குக்கு அடித்த மொட்டையையே ஏற்றுக்கொள்ளும்படி சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்க அப்படியே இங்க வாங்க. தலை சீவாம வந்தாலும் சரி.