எல்ராய் கேட்ட அமைதி

"இந்த வருஷம் இடத்தை நான்தான் பார்ப்பேன்."

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பாட்டின் நடுவே, உணவகத்தில் பத்துப் பேர் காதில் விழும்படி எல்ராய் இப்படி அறிவித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி டெல்ஃபின், "சரி" என்றாள். முட்டைக்கோஸ் பச்சடியை அவள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே தடவையில் சரி என்று சொன்னதே கிடையாது. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமோ? ஆகவில்லை.

விஷயம் இதுதான். விஸ்கான்சின் வடக்கே ஏரிப் பக்கம் இவர்கள் டிரெய்லர் வீட்டை நிறுத்தி வைத்திருந்த முகாமை யாரோ வாங்கி, மாடி வீடு கட்டுகிறேன் என்று எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். மே மாதம் போனால் அக்டோபர் வரை அங்கேதான் வாசம். அப்படிப்பட்ட இடத்தை இனிப் புதிதாகத் தேட வேண்டும். எல்ராய் காகித ஆலையில் ஆயுசைக் கழித்தவர். பகலெல்லாம் மிஷின் காதுக்குள் இரைந்து, ராத்திரி தூக்கத்திலும் இரைந்தது. ஓய்வு கிடைத்ததும் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏரி, தூண்டில், பேச்சு மூச்சில்லாத ஒரு கோடைகாலம்.

அதற்குக் குறுக்கே நின்றவள் கொழுந்தியாள் லவோன். டெல்ஃபினின் தங்கை. புருஷன் ரே போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனான். பெரிய டிரெய்லரை விற்றுவிட்டாள். இப்போது தனி ஆள். பாவம்தான், எல்ராய் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லவோன் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். மூடினால் அக்கார்டியன் வாத்தியத்தைத் திறந்துவிடுவாள்.

"அவளும் நம்ம பக்கத்துல ஒரு இடம் பிடிச்சா நல்லா இருக்கும்ல?" என்று டெல்ஃபின் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடு. கோடை முழுக்க வேணாம். என் காது தாங்காது."

"உன் காது மட்டும்தான் காதா?"

"ஆலையில நின்னவன் நானா நீயா?"

டெல்ஃபின் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். முந்நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு கத்தும் கூடம் அது. அதை அவள் சொல்லவில்லை. அவரும் நினைக்கவில்லை.

எல்ராய் திட்டம் போட்டார். ஏரியில் பனி உடைந்த கையோடு டெல்ஃபினை மூன்று முகாமுக்கு அழைத்துப் போவது. முதல் இரண்டும் படு மோசம். அவற்றைப் பார்த்து நொந்த பிறகு, தாம் ஏற்கெனவே மனசுக்குள் முடித்துவைத்த பைன் முனை என்ற முகாமைக் காட்டுவது. அவளே கெஞ்சுவாள். தம் புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

முதல் முகாம் நெடுஞ்சாலை ஓரம். லாரி சத்தமும் நாய் குரைப்பும் பிய்த்து எடுத்தன. "சீ" என்றாள் டெல்ஃபின். திட்டம் வேலை செய்தது.

இரண்டாவது சதுப்பு நிலத்து ஓரம். குளிக்க அறை கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. டெல்ஃபின் இறங்கினாள், நாலு பக்கமும் பார்த்தாள், மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு எல்ராய்."

எல்ராய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதுவா? உனக்குக் கண்ணு தெரியுதா? கொசு!"

"எங்க கொசு? ஒண்ணக்கூட காணோமே."

"இது ஏப்ரல்டி அம்மா! இப்பப் பார்த்து ஒரு இடத்தை எடைபோட முடியுமா? ஜூன்ல வந்து பாரு, டிரெய்லரோட தூக்கிட்டுப் போயிடும்."

"அமைதியா இருக்கே. நீ கேட்டது அதுதானே?"

"அமைதின்னா இப்படியா? அவசரத்துக்குக் கூப்பிட பக்கத்துல ஒரு மனுஷ முகம் வேணாமா?"

"வேணும்கிற?"

"கண்டிப்பா வேணும்!"

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று காரில் ஏறிக்கொண்டாள் டெல்ஃபின்.

பைன் முனைக்கு வந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் ஒரு லூன் பறவை கூவி நிறுத்தியது. ஓர் இலைகூட அசையவில்லை. டிரெய்லர்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கின. ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஒரு மரக்கம்பம், அதில் இரண்டு கொக்கி. பெயர்ப் பலகை மாட்டுகிற கொக்கி. குளிர்காலம் வந்தால் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதும், மே மாதம் திரும்ப மாட்டுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். எல்ராயின் பலகையும் வீட்டில் கார் கொட்டகையில்தான் கிடந்தது. ஆனாலும் வெறும் கொக்கிகளைப் பார்த்தபோது அவருக்கு மனிதர்கள் ஞாபகம் வரவில்லை. ஏப்ரலில் இடத்தை எடைபோடாதே என்று கால் மணி நேரம் முன்னால் சொன்ன அதே வாய்தான், "ஆகா, என்ன அமைதி!" என்றது.

தண்ணீரை ஒட்டி டிரெய்லர் நிற்காத இடம் இரண்டே இரண்டு. முகாம் சொந்தக்காரர் கோர்டி வலது பக்கத்து இடத்தைக் காட்டினார்.

"இடது பக்கம் யாரு?" என்று கேட்டார் எல்ராய்.

"அது போன வாரம்தான் பேசி முடிஞ்சுது. ஒரே ஆளுதான். குழந்தை குட்டி, நாய் எதுவும் இல்ல." கோர்டி ஏனோ டெல்ஃபின் பக்கம் பார்த்துவிட்டு இருமினார்.

"ஒரே ஆளு! கேட்டியா டெல்ஃபின்?"

"எனக்கு என்னவோ அந்தச் சதுப்புதான் மனசுல நிக்குது" என்றாள் டெல்ஃபின். "இங்க பக்கத்து இடம் ரொம்ப ஒட்டி இருக்கு. அந்த ஆளு எப்படிப்பட்டதோ. அப்புறம் நீதான் முணுமுணுப்ப."

"முணுமுணுக்க மாட்டேன்."

"இப்ப சொல்லுவ."

"கோர்டி சாட்சி. பக்கத்துல யார் வந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். போதுமா?"

"நான்தான் இழுத்துட்டு வந்தேன்னும் சொல்லக்கூடாது."

"இடத்தைப் பார்த்தது நான். முடிவு பண்ணினதும் நான்!"

கோர்டி கையை நீட்டினார். எல்ராய் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊரில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. பின்வாங்கினவனுக்கு அப்புறம் எந்தக் கடையிலும் காப்பிகூட முகம் பார்த்து ஊற்றமாட்டார்கள்.

மே மாதம் வந்தது. டிரெய்லரை இழுத்துவந்து, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, மட்டம் பார்த்து நிறுத்தினார் எல்ராய். தம் பலகையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இடது பக்கம் ஒரு சின்ன டிரெய்லர் நின்றது. புதுசு. அதன் கம்பத்தில் ஒரு பழைய பலகை.

'ரே – லவோன். கதவு திறந்துதான் இருக்கு.'

எழுத்துக்குக் கீழே ஒரு மீன் செதுக்கியிருந்தது. அதைச் செதுக்கியது எல்ராய். ரேயோடு பீர் குடித்துக்கொண்டே, ஒரு மழை நாளில், வால் கோணலாகச் செதுக்கியது. ரே அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்றும் வால் கோணல்தான். எல்ராய்க்கு ஒரே சமயத்தில் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றார்.

"டெல்ஃபின்."

"என்னப்பா?"

"இது..."

"ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொன்னியே. கோர்டியைக் கூப்பிடட்டுமா?"

எல்ராய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பேரை மாத்தி வேற பலகை செய்யுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அவளால முடியல" என்றாள் டெல்ஃபின், மெதுவாக. "அவ என் தங்கச்சி எல்ராய். தனியா வீட்டுக்குள்ள கிடந்து பேச ஆளில்லாம டிவியோட பேசிட்டிருக்கா. கேட்டா நீ மாட்டேம்ப. அதான் கேட்கல. நீ தூக்கத்துல பைன் முனைன்னு முனகினப்பவே கோர்டிகிட்ட பேசி முடிச்சிட்டேன்."

சரி, படகு இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஏரி நடுவில் யார் வந்து பேசப்போகிறார்கள்?

மறுநாள் விடியலில் தூண்டிலை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார். படகில் லவோன் உட்கார்ந்திருந்தாள். மிதவை அங்கி போட்டாகிவிட்டது. மடியில் ரேயின் தூண்டில். காலடியில் அக்கார்டியன் பெட்டி.

"ஏன் எல்ராய் இவ்வளவு நேரம்? மீன் உனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? ரே இருந்தா இந்நேரம் நாலு பிடிச்சிருப்பான். ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா..."

எல்ராய் திரும்பிக் கரையைப் பார்த்தார். அவருடைய நாற்காலியில், அவருடைய காப்பிக் குவளையோடு, காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள் டெல்ஃபின்.

"நீயும் வாயேன்!" என்று பரிதாபமாகக் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க" என்றாள் டெல்ஃபின், கண்ணை மூடிக்கொண்டு. "நான் கொஞ்சம் அமைதியா இருக்கேன்."