மாப்பிள்ளைக்கு மூச்சு கொடுத்த கண்டக்டர்

சேர்வராயன் மலையில் பஸ் ஏறிய யாரும் ஒரு காலத்தில் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஊதல்காரர். விசில் ஊதுவதால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் மனநிம்மதியை உத்தேசித்து நாங்களும் திருத்துவதில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. வேலைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிறவன். எஸ்டேட் தபாலைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் ஏற்காட்டுக்குப் போவேன். அதனால் ஊதல்காரரின் லீலைகள் எதுவும் எனக்குத் தப்பியதில்லை.

சேலத்தில் கண்டக்டர்களுக்கு ஒருமுறை முதலுதவி வகுப்பு வைத்தார்கள். போனவர்களில் பாதிப் பேர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சினிமாவுக்கு நழுவினார்கள். இவர் கடைசிவரை உட்கார்ந்து, பாடம் எடுத்த டாக்டர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போதும் பக்கத்தில் நின்று சந்தேகம் கேட்டாராம். மலைக்குத் திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

அன்று முதல் அவர் பஸ்ஸில் யாரும் இருமக்கூடாது. இருமினால் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நிற்பார்.

"ஏனுங்க, பேச முடியுதுங்களா?"

தொண்டையில் ஏதாவது முழுசாக அடைத்திருந்தால் பேச்சு வராது, இருமலும் வராது. பேசவோ இருமவோ முடிகிறவரை விட்டுவிடலாம், அவரே இருமித் துப்பிவிடுவார் என்பது அவர் படித்த பாடம். மாரமங்கலத்திலிருந்து மிளகு மூட்டையோடு ஏறிய ஒரு அம்மாவிடம் இந்தக் கேள்வியைப் போட்டார்.

"பேச முடியாம என்னுங்க, ஊட்டுலதான் கேக்க ஆளில்லை" என்று அந்த அம்மா தொடங்கி, மருமகளைப் பற்றி ஏற்காடு வரும்வரை பேசினார். ஊதல்காரர் கம்பியைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒண்ணும் பயமில்லை, மூச்சு நொம்ப நல்லா இருக்குது" என்று டிரைவருக்குத் தகவல் சொன்னார்.

வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர் கொடுத்துவைத்தது வேறு. வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவர், யாரோ நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்குவது தெரிந்து கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில் ஒரு பெரிய மீசை.

"என்னுங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. உசுரோட இருக்கறீங்களான்னு பார்த்தனுங்க."

"இருக்கறனுங்க."

"சந்தோசமுங்க. தூங்குங்க."

அவர் அடுத்த மாதமே ஒரு மொபெட் வாங்கிவிட்டார்.

வெற்றிலையையும் பீடியையும் ஊதல்காரர் ஒரே நாளில் விட்டார். வீட்டில் அம்மணி இருபது வருடம் மன்றாடியும் நடக்காத காரியம். காரணம் கேட்டேன்.

"எப்ப எவன் வாயில ஊத வேண்டி வருமோ தெரியாதுங்க ரைட்டரே. போன மூச்சு திரும்பி வந்து அவன் கண்ணு முழிக்கறப்ப, பீடி நாத்தம் அடிச்சா என்னுங்க நெனப்பான்?"

பிறகு கிராம்பு மெல்ல ஆரம்பித்தார். பஸ்ஸே பிரியாணி மாதிரி மணந்தது.

இதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். ஏற்காட்டு ஜவுளிக்கடை பாய், சட்டை மாட்டிக் காட்டுகிற பொம்மைகளில் கை உடைந்த ஒன்றைக் குப்பையில் போடப் பார்த்தார். ஊதல்காரர் அதைக் கெஞ்சி வாங்கினார். வாயில் ஓட்டை போட்டு, நெஞ்சைக் குடைந்து, உள்ளே கால்பந்தின் ரப்பர் பையைப் பொருத்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினால் சட்டைக்குள் நெஞ்சு எழும்பும். பழகுவதற்காம். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் பழகினார். பின்வாசல் பக்கத்து சீட்டில் அது நிரந்தரமாகக் குடியேறியது. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, யாருக்காகவும் எழுந்திருக்காத குணம். ஆகவே நாங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம்.

ஒரு மழை நாளில் தபால் மூட்டையோடு ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை சௌகரியமாக உட்கார்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதினேன். "பயணிகளைப் பயமுறுத்தும் கண்டக்டரை வேறு ரூட்டுக்கு மாற்ற வேண்டும்" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, பத்துப் பதினைந்து பேரிடம் ஒப்பம் வாங்கி, சேலத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் யாரோ பலாப்பழம் அறுத்துப் பங்கு வைத்தார்கள். எனக்கும் உட்கார இடம் கிடைத்த நாள். இரண்டு சுளையை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளைக்கும் ஒரு சுளை ஊட்டுங்க, முகம் வாடுது" என்றேன். பஸ் சிரித்தது. என் நகைச்சுவைக்கு நானே எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். வழுக்கிக்கொண்டு ஒரு சுளை உள்ளே போனது. போனது நின்றுவிட்டது.

இருமப் பார்த்தேன். இருமல் வரவில்லை. காற்றை இழுத்தேன். எங்கேயோ கதவைச் சாத்தியது போல் இருந்தது. சத்தமே இல்லாமல் சாகப்போகிறோம், பக்கத்தில் இருக்கிறவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். இன்னொருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க. தள்ளுங்க."

ஊதல்காரர் எனக்கு எதிரே வந்து நின்றார். அந்தக் கேள்வியைக் கேட்டார். ஊரிலேயே அதிகம் பேசுகிற எனக்கு ஒரு எழுத்துக்கூட வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். விசில் அடித்தார், பஸ் நின்றது. என்னை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி. ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் வந்து கட்டிப்பிடித்தார். தொப்புளுக்கு மேலே கை முஷ்டியை வைத்து, உள்ளுக்கும் மேலுக்குமாக ஒரே இழுப்பாக இழுத்தார். மறுபடி இழுத்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நடந்தது மற்றவர்கள் சொன்னது.

நான் துவண்டு சரிந்தேனாம். அந்த நேரம் சுளை நாக்கு வரை ஏறி வந்திருக்கிறது. பஸ் நடுவில் மல்லாக்கப் படுக்கவைத்து, வாய்க்குள் பார்த்து, அதை விரலால் எடுத்து எறிந்தார். ஆனாலும் மூச்சு வரவில்லை. உதடெல்லாம் நீலம். மிளகு மூட்டை அம்மா சாமி பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். ஊதல்காரர் தலையைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். என் நெஞ்சு எழும்பி இறங்கியதைப் பார்த்தார். மறுபடி ஊதினார். எத்தனையாவது மூச்சு எனக்குச் சொந்தமானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் உறுமினேனாம். பிறகு இருமினேனாம்.

கண்ணைத் திறந்தபோது கிராம்பு வாசம். ஒரு சாண் தூரத்தில் அந்த மீசை.

"பேச முடியுதுங்களா?"

எனக்கு வந்த முதல் பேச்சு இதுதான்: "உங்க மேல மனு எழுதுனது நானுங்க."

"தெரியுமுங்க. முதலாளி நகல் அனுப்பிச்சாரு. இந்த மலையில அந்தக் கையெழுத்து வேற யாருக்குங்க இருக்குது?" என்றவர், டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "பேச்சு சுத்தமா வருது. நிக்காம ஆஸ்பத்திரிக்கு விடுங்க. வயித்தை அமுக்கியிருக்கறேன், டாக்டர் பார்த்துத்தான் ஆகணும்" என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அந்த வகுப்புக்குப் போறதுக்கு முந்தி, இதே பஸ்ஸுல ஒருத்தருக்கு இப்படி அடைச்சுதுங்க. இட்லிங்க. நான் தலையில தட்டினேன். தண்ணி குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதானுங்க. என் மடியிலதான் போனாரு."

பிறகு டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

பத்து நாளில் முதலாளி மனுவோடு மலையேறி வந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எழுதியிருக்கறது நெசந்தானுங்களா?"

"ஒவ்வொரு வரியும் நெசமுங்க."

"அப்ப ஆளை மாத்திரலாங்களா?"

"அதுக்கு இன்னொரு மனு வெச்சிருக்கறனுங்க" என்று நீட்டினேன். முதல் மனுவைவிட மூன்று மடங்கு ஒப்பம் அதில் இருந்தது. மொபெட் வாங்கிய வெள்ளக்கடைக்காரரும் போட்டிருந்தார்.

முதலாளி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். கண்டக்டர் இருக்கலாம், மாப்பிள்ளை சீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அவனை நானே தோளில் தூக்கிக்கொண்டு போய் எஸ்டேட் ஆபீசில் என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி காயவைக்கும் களத்தில் ஊதல்காரர் வகுப்பு எடுத்தார். முதல் நாள் எல்லோரும் வெட்கப்பட்டு நின்றபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்தவள் என் மனைவி. அவளுக்கு அந்தப் பாடத்தின் அருமை தெரியும்.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஊதல்காரர் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் வழக்கமாகச் செய்கிற வேலைதான், யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு நான் அதுவரை நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்ல வரவில்லை. குழந்தையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.